விலை ஈட்டுச் சலுகை யாருக்கு உரியது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ் என்று விற்பனைக்காலம் அடுத்தடுத்து வரும்போது, "இதே பொருள் வேறு கடையில் குறைந்த விலைக்குக் கிடைத்தால் அந்த விலைக்கே நாங்களும் தருகிறோம்" என்று அறிவிக்கும் கடைகளைச் சிங்கப்பூரில் நாம் பார்க்கிறோம். பிரைஸ் மேட்ச் என்று எல்லாரும் சொல்லும் இந்த விலை ஈட்டுச் சலுகையைப் பொம்மை சேகரிப்பவர்கள் எந்த அளவுக்குக் கேட்டுப் பெறலாம், வாங்கி விற்பவர்கள் அதைக் கேட்கலாமா என்பது பற்றி எங்களைப் போன்ற சேகரிப்பாளர்களிடையே ஓயாத வாக்குவாதம் நடக்கிறது. பல ஆண்டுகளாகப் பொம்மைக் கார்களைச் சேகரித்து வருபவன் என்ற முறையில் என் கருத்தைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். இந்தச் சலுகை, வாங்கிய பொருளை வீட்டுக்குக் கொண்டு போகிறவருக்கு உரியது. விற்பதற்காகவே வாங்குகிறவர் அதைக் கேட்பது முறையாகாது. அந்த எல்லையைக் கடைகள் வெளிப்படையாக எழுதி வைக்காமல், கல்லாவில் நிற்கும் இளையரின் தலையில் கட்டுவதும் முறையாகாது.

முதலில், சலுகையைக் கேட்பதையே இழிவாக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மவர்களில் பலர் தேக்கா சந்தையில் மீனுக்கும் காய்கறிக்கும் பேரம் பேசத் தயங்கமாட்டார்கள். ஆனால் குளிரூட்டப்பட்ட கடையில் கைப்பேசியை எடுத்துக் காட்டி "அங்கே பத்து வெள்ளி குறைவாக இருக்கிறதே" என்று கேட்கக் கூச்சப்படுவார்கள். இதில் கூச்சப்பட எதுவுமில்லை. கடைக்காரர் தம் வியாபாரக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் இந்த அறிவிப்பை வைக்கிறார். எல்லாருக்கும் விலையைக் குறைத்தால் ஒவ்வொரு விற்பனையிலும் இலாபம் குறையும். கேட்பவருக்கு மட்டும் குறைத்தால், கேட்காதவர்கள் எழுதியிருக்கும் விலையையே கொடுத்துவிட்டுப் போவார்கள். "நீங்கள் எவ்வளவு குறைத்தாலும் எங்கள் வாடிக்கையாளரை இழுக்க முடியாது" என்று போட்டிக் கடைகளுக்குச் சொல்லாமல் சொல்வதாகவும் அது அமைகிறது. இதனால் விலைப்போட்டியே மந்தமாகிவிடக்கூடும் என்று வாதிடும் பொருளியலாளர்கள் உண்டு. ஆகவே பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு லெகோ பெட்டி வாங்க வரும் தாய் குறைந்த விலையைக் கேட்டு வாங்கினால், கடை தானாக முன்வந்து கொடுத்த வாக்கைக் காப்பாற்றும்படிதான் கேட்கிறார்.

கொடுத்த வாக்குக்கு நிபந்தனைகளும் உண்டு. கடைக்குக் கடை வேறுபட்டாலும் பொதுவாக அவை இப்படித்தான் இருக்கும்: பொருள் அதே தயாரிப்பு எண்ணும் அதே வகையும் கொண்டதாக இருக்க வேண்டும், மற்றக் கடையில் அது அப்போது கையிருப்பில் இருக்க வேண்டும், கடைசிக் கழிவு விற்பனை, உறுப்பினர்களுக்கு மட்டுமான விலை போன்றவை கணக்கில் வாரா. சிக்கல் எல்லாம் இந்த நிபந்தனைகளின் ஓரங்களில்தான் தொடங்குகிறது. பக்கத்துப் பேரங்காடியில் "ஒருவருக்கு இரண்டு மட்டும்" என்று வரம்பு போட்டுக் குறைந்த விலைக்கு விற்கும் பொம்மைக் காரை, வேறு கடைக்குப் போய் அட்டைப்பெட்டி நிறைய அதே விலைக்குக் கேட்பவர்களை நான் அறிவேன். விலையை மட்டும் எடுத்துக்கொண்டு அதனோடு ஒட்டியிருந்த வரம்பை மறைத்துவிட்டால், காட்டிய சான்று பாதி உண்மைதான்.

ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களை வாங்குபவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். மேட்டல் நிறுவனம் 1968ல் தொடங்கிய இந்த வரிசையில், 1995 முதல் 'டிரெஷர் ஹன்ட்' என்ற அரிய கார்கள் கலந்து வருகின்றன. 2007 முதல் அவற்றுக்கும் மேலான ஒரு வகை வருகிறது. தனிப் பளபளப்புள்ள வண்ணப் பூச்சும் ரப்பர் டயரும் கொண்ட அந்தக் கார், சாதாரணக் காரோடு ஒரே கொக்கியில், அதே விலையில் தொங்கும். தெரியாதவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தெரிந்தவர் அட்டையைச் சற்றுச் சாய்த்து, பிளாஸ்டிக் உறைக்குள் டயரின் விளிம்பில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அப்படிக் கண்டெடுத்தவர் அதை வாங்கியதில் நான் எந்தக் குற்றமும் காணவில்லை. அது அவருடைய அறிவுக்கும் பொறுமைக்கும் கிடைத்த பலன். கடை கேட்ட விலையை அவர் கொடுத்திருக்கிறார், யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. ஆனால் வாங்கிய மறுநாளே பல மடங்கு விலைக்கு விற்கப்போகும் பொருளுக்கு, விற்பனை உதவியாளரிடம் "பிள்ளைக்கு வாங்குகிறேன்" என்று சொல்லி மேலும் விலையைக் குறைக்கச் சொல்வது வேறு. அங்கே அறிவுக்கு வேலையில்லை. பொய்தான் வேலை செய்கிறது.

சென்ற ஆண்டிறுதி விடுமுறையில், வடக்குப் பகுதியிலுள்ள ஒரு கடைத்தொகுதியின் பொம்மைக் கடையில் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நடந்ததை இங்கே குறிப்பிட வேண்டும். தள்ளுவண்டியில் ஒரே எண்ணுள்ள லெகோ பெட்டிகளை அடுக்கிக்கொண்டு வந்த ஒருவர், கைப்பேசியில் ஒரு விலைப் படத்தைக் காட்டினார். கல்லாவில் இருந்தவர் விடுமுறைக்காகப் பகுதிநேர வேலைக்கு வந்த மாணவி போலத் தெரிந்தார். "படம் போதாது, அந்தப் பக்கத்தையே திறந்து காட்ட முடியுமா அங்கிள்?" என்று மரியாதையோடுதான் கேட்டார். திறந்து பார்த்தபோது அந்த விலை ஒரு கடையின் விலையாக இல்லை; பெரிய இணையச் சந்தை ஒன்றில் யாரோ ஒரு தனிநபர் போட்டிருந்த விலை, அதுவும் "இருப்பில் இல்லை" என்ற குறிப்போடு இருந்தது. அதற்குப் பிறகு அந்த மனிதர் குரலை உயர்த்தினார். புகார் கொடுப்பேன் என்றார். மேலாளரைக் கூப்பிடச் சொன்னார். மேலாளர் வந்து, பின்னால் நீண்டுவிட்ட வரிசையைப் பார்த்து, கேட்ட விலைக்கே எல்லாவற்றையும் கொடுத்து அனுப்பினார். என் பின்னால் நின்ற தம்பதியர் அதே பெட்டியைத் தேடித்தான் வந்திருந்தார்கள்; அலமாரியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. விதியைச் சரியாகப் பின்பற்றிய அந்தப் பெண் தலைகுனிந்து நின்றதுதான் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

இது புதிய தந்திரமும் இல்லை. 2014 நவம்பரில் அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் இணைய விலைகளையும் ஈடுசெய்வதாக அறிவித்தவுடன், சிலர் அமேசான் தளத்தில் பொய் விற்பனைப் பக்கங்களை உருவாக்கி, ஏறத்தாழ 400 டாலர் விலையுள்ள பிளேஸ்டேஷன் 4 கருவியை 100 டாலருக்கும் குறைவாகக் காட்டி, அந்த விலைக்கே வாங்கிச் சென்றார்கள். சில நாள்களுக்குள் அந்நிறுவனம் விதியை மாற்றி, இணையச் சந்தைகளில் கடை போடும் மூன்றாம் தரப்பு விற்பனையாளர்களின் விலை செல்லாது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. சிலரின் பொய்யால் நேர்மையாகக் கேட்டவர்களுக்கும் சலுகை சுருங்கிப்போனது.

கடையின் தவற்றைப் பயன்படுத்திக்கொள்வதில் என்ன பிழை, விலையைப் போட்டது அவர்கள்தானே என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டு நீதிமன்றமே விடை சொல்லியிருக்கிறது. 2003 ஜனவரியில் டிஜிலேண்ட்மால் என்ற இணையக் கடையில், 3,854 வெள்ளி மதிப்புள்ள எச்பி லேசர் அச்சுக் கருவியின் விலை தவறுதலாக 66 வெள்ளி என்று பதிவாகிவிட்டது. அதை அதிகாலை நேரத்தில் கண்டுகொண்டு, ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொண்ட ஆறு பேர் மொத்தம் 1,606 கருவிகளுக்கு ஆணை கொடுத்தார்கள். கடை தர மறுத்தபோது வழக்குத் தொடுத்தார்கள். உயர் நீதிமன்றத்தில் வி.கே. ராஜா 2004ல் அவர்களின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தார். 2005ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அது தவறான விலை என்று தெரிந்தே பாய்ந்து பிடித்தார்கள் என்பதே அவர்களுக்கு எதிராக நின்றது. இந்த வழக்கில் என்னைச் சிந்திக்க வைப்பது எண்ணிக்கை. வீட்டுக்கு ஓர் அச்சுக் கருவி வாங்கியவர், "ஏதோ சிறப்புத் தள்ளுபடி என்று நினைத்தேன்" என்று சொன்னால் நம்ப இடமுண்டு. நூற்றுக்கணக்கில் கேட்பவர் அப்படிச் சொல்ல முடியாது. பொம்மைக் கடையிலும் அப்படித்தான்: வண்டியில் இருக்கும் பெட்டிகளின் எண்ணிக்கையே வாங்குபவரின் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது.

மறுவிற்பனையாளர்களின் பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வாங்கி விற்பது வாணிகம். அதை நான் பழிக்கவில்லை. உற்பத்தி நிறுத்தப்பட்ட லெகோ பெட்டியையோ, பண்டாய் நிறுவனம் தயாரித்து இங்கே விற்பனைக்கு வராத கன்டாம் ரோபோ பொம்மையையோ பல ஆண்டுகள் பத்திரப்படுத்தி வைத்துக் கொடுப்பவர்கள் இல்லாவிட்டால், என் அலமாரியில் பாதி காலியாகத்தான் இருக்கும். சேகரிப்புப் பொம்மைகளுக்கென்றே கடை வைத்திருப்பவர்களும், கேரோசல் தளத்தில் நேர்மையாக விற்பவர்களும் எங்களுக்குச் செய்யும் சேவை சிறியதில்லை. 2000லும் 2013லும் ஹலோ கிட்டி பொம்மைகளுக்காக மெக்டோனல்ட்ஸ் உணவகங்களின் முன் மக்கள் திரண்டபோதே கைமாற்றி விற்கும் வழக்கத்தை நாம் பார்த்துவிட்டோம், அது மறையப்போவதில்லை. மறுவிற்பனையாளர் தம் பணத்தை முடக்குகிறார், விற்காமல் போகும் அபாயத்தையும் ஏற்கிறார், ஆகவே அவருக்கு இலாபம் நியாயம்தான். ஆனால் வாணிகம் செய்பவர் வணிகராகவே கடைக்குள் நுழைய வேண்டும். மொத்தமாக வேண்டுமென்றால் மேலாளரிடம் மொத்த விலை பேசட்டும். நுகர்பவருக்கென்று வைத்த சலுகையை, நுகர்பவரின் வேடத்தில் வந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வணிக) சட்டம்கூட, முற்றிலும் தொழிலுக்காகவே வாங்குபவரைப் பயனீட்டாளராகக் கருதுவதில்லை. சட்டம் பிரித்துப் பார்ப்பதை மனச்சாட்சியும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சேகரிப்பாளர்களாகிய எங்களுக்கும் சிலவற்றைச் சொல்லிக்கொள்ள வேண்டும். குடியிருப்புப் பேட்டையின் கீழ்த்தளத்தில் இருக்கும் சிறிய பொம்மைக் கடைக்குப் போய், பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்து, மூலை நசுங்காததாகத் தேர்ந்தெடுத்து, கடைக்காரரிடம் அரைமணி நேரம் விவரம் கேட்டுவிட்டு, பிறகு வெளிநாட்டு இணையத்தளத்தின் விலையை நீட்டுவது சரியான ஒப்பீடு ஆகாது. அந்தக் கடைக்காரர் வாடகை கொடுக்கிறார். விலை ஈட்டுச் சலுகை தருவதாக எந்த அறிவிப்பும் வைத்திருக்க மாட்டார். வெளிநாட்டு விலையை எடுத்தால், கப்பல் கூலியையும் பொருள், சேவை வரியையும் சேர்த்த இறுதித் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். 2023 முதல் இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் இந்த வரி பொருந்துகிறது. 2024 முதல் அது 9 விழுக்காடு. கடைகள் கட்டாயக் கட்டணங்களை மறைத்துக் குறைந்த விலையைக் காட்டி நம்மை இழுக்கக் கூடாது என்பதற்காகச் சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்தின் விலை வெளிப்படைத்தன்மை வழிகாட்டி 2020 நவம்பரில் நடப்புக்கு வந்தது. கடைக்காரரிடம் நாம் எதிர்பார்க்கும் அதே நேர்மையோடு நாமும் விலையைக் காட்ட வேண்டாமா?

விற்காமல் போன பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடியும் முன் கொண்டுவந்து கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறுவதும், புதிய பெட்டிக்குள் பழைய பொம்மையை வைத்துத் திருப்பிக் கொடுப்பதும் ஆங்காங்கே நடக்கின்றன. முன்னது கடையைத் தன் கிடங்காக வைத்துக்கொள்வது. பின்னது வெறும் ஏமாற்று, தண்டனைச் சட்டத்தின்கீழ் குற்றமாகக்கூடியது. திருத்திய விலைப் படத்தைக் காட்டிப் பொருளைப் பெறுவதும் அந்த வகையைச் சேர்ந்ததே. இதை விளையாட்டாக நினைத்துச் செய்யும் இளையர்களுக்குப் பெற்றோரும் மூத்த சேகரிப்பாளர்களும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கடைகளிடம் என் வேண்டுகோள் இதுதான். சலுகையை விளம்பரப்படுத்தும் அதே பலகையில், அதே அளவு எழுத்தில், நிபந்தனைகளையும் எழுதுங்கள்: ஒரு குடும்பத்துக்கு ஒரே பொருளில் எத்தனை, எந்தக் கடைகளின் விலை ஏற்கப்படும், தனிநபர் விற்பனைப் பக்கங்கள் ஏற்கப்படுமா, மற்றக் கடையில் கையிருப்பு இருக்கிறதா என்பதை யார் சரிபார்ப்பார். சத்தம் போடுபவருக்கு ஒரு விலையும் அமைதியாக நிற்பவருக்கு ஒரு விலையும் என்ற நிலை வரக்கூடாது. மேலாளர், விதியைச் சொன்ன ஊழியரின் பக்கம் நிற்க வேண்டும். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் நன்மதிப்புள்ள கடைகளுக்கு வழங்கும் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரத்துக்கான நிபந்தனைகளில், விலை ஈட்டு அறிவிப்பு எப்படி எழுதப்பட வேண்டும் என்பதையும் சேர்ப்பது பற்றிப் பரிசீலிக்கலாம். வரும் ஆண்டிறுதி விடுமுறை தொடங்கும் முன்பே இதற்கான முயற்சியைத் தொடங்கினால், அந்த மாணவியைப் போன்ற பகுதிநேர ஊழியர்களுக்கு இந்த முறையாவது கையில் காட்டுவதற்கு எழுத்தில் ஒரு விதி இருக்கும்.

இப்படிக்கு,
பொம்மைக் கார் சேகரிக்கும் வாசகர்,
ஈசூன்