ஒப்பந்ததாரர் தரும் சான்றின் ஆபத்து

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

1965இல் அதிபர் ஜான்சன் பிறப்பித்த வேலைவாய்ப்புக்கான சமவாய்ப்பு ஆணையை ரத்து செய்த, அதிபர் டிரம்பின் 2025 ஜனவரி 21ஆம் தேதி ஆணை, அமெரிக்க அரசின் ஒப்பந்தம் பெறுவோர், பாகுபாட்டுத் தடைச் சட்டங்களை மீறும் பன்முகத்தன்மைத் திட்டம் (பல இனத்தவரும் பாலினத்தவரும் பணியில் இடம்பெற வகைசெய்யும் திட்டம்) எதையும் தாங்கள் நடத்தவில்லை என்று சான்றளிக்க வேண்டும் என்கிறது. தெரிந்தே பொய்ச்சான்று அளித்தது நிரூபணமானால், அரசை ஏமாற்றிப் பணம் பெறுவோருக்கு எதிரான 1863ஆம் ஆண்டின் பொய்க் கோரிக்கைச் சட்டப்படி, அரசின் இழப்பைப் போல் மூன்று மடங்கு கட்ட நேரிடலாம். ஊழியர் ஒருவரே அரசின் சார்பில் வழக்குத் தொடுத்து, மீட்கப்படும் தொகையில் பங்கும் பெறலாம்.

எந்தத் திட்டம் சட்டவிரோதமானது என்பதை அந்த ஆணை தெளிவாக வரையறுக்காததே என் பெருங்கவலை. அதற்கு அஞ்சி நேர்மையான ஆட்சேர்ப்பு முயற்சிகளையும் கைவிடும் நிறுவனங்கள், பாகுபாட்டால் புறக்கணிக்கப்பட்டவர்கள் 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைகள் சட்டத்தின் கீழ் தொடுக்கும் வழக்குகளுக்கும் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்