கொக்கி உன் உயரத்தில் இருந்திருக்க வேண்டும்

என் அன்பு மகளுக்கு,

நீங்கள் குடிபோகப்போகிற வீட்டின் காலி அறைகளின் படங்கள் வந்து சேர்ந்தன. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "கூடத்துக்கு என்ன நிறம் அடிக்கலாம், சீக்கிரம் சொல்லும்மா, திங்கட்கிழமை பெயின்டர் வருகிறார்" என்று கேட்டிருந்தாய். போனிலேயே ஒரு நிறத்தின் பெயரைச் சொல்லிவிட்டிருக்கலாம். மனசு வரவில்லை. 30 வருஷம் ஒரு வீட்டை நடத்தி நான் தெரிந்துகொண்டது ஒரு நிறத்தின் பெயருக்குள் அடங்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் காரியம், பெயின்டரை இரண்டு வாரம் தள்ளி வரச் சொல். சாமான்கள் ஏறிய பிறகு பெயின்ட் அடிப்பது தொந்தரவு என்பாய். தொந்தரவுதான். எல்லாவற்றையும் அறை நடுவில் தள்ளி மூடிப்போட்டு அடித்துக்கொள்ளலாம். அந்த இரண்டு வாரமும் சுவர் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். ஒரு நோட்டு எடுத்துக்கொள். இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு நீயும் மாப்பிள்ளையும் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். சாவி எங்கே கிடக்கிறது, பள்ளிப்பை எங்கே, நனைந்த துண்டு எங்கே, எந்த நாற்காலியின் முதுகில் துணி குவிகிறது, சார்ஜர் எந்த மூலையில். எடுத்து வைக்க வேண்டாம், எழுதிக்கொண்டால் போதும். ஒரு பொருள் தினமும் போய் விழுகிற இடம்தான் அதற்கு வசதியான இடம். அந்த இடத்திலேயே ஒரு கூடையோ கொக்கியோ தட்டோ வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நமக்குப் பிடித்த மூலையில் அலமாரியை வைத்துவிட்டு, எல்லோரும் அங்கே நடந்துபோய் வைக்க வேண்டும் என்றால், ஒரு வாரம் நடப்பார்கள். அப்புறம் பழைய நாற்காலிதான்.

இதை உனக்குச் சொல்ல எனக்கு வேறொரு காரணமும் உண்டு. நீண்ட நாளாகச் சொல்ல நினைத்தது.

உனக்கு ஆறு வயது இருக்கும்போது வாசல் பக்கத்துச் சுவரில் ஒரு மரப்பலகை அடித்தேன், ஐந்து பித்தளைக் கொக்கிகளோடு. நினைவிருக்கிறதா? வருகிறவர்கள் எல்லோரும் அழகாக இருக்கிறது என்பார்கள். எனக்குப் பெருமை. நீ பள்ளிவிட்டு வந்ததும் பையை அதற்கு நேர் கீழே தரையில் போட்டுவிட்டு உள்ளே ஓடுவாய். நான் தினமும் திட்டினேன். "எத்தனை தடவை சொல்வது? உனக்கு ஒழுங்கே வராதா?" ஒரு நாள் நீ ஸ்டூலை இழுத்துவந்து ஏறி மாட்டப் பார்த்தாய். சறுக்கி விழுந்து நெற்றியில் அடி. அப்போதும் "யார் உன்னை ஏறச் சொன்னது?" என்றுதான் கேட்டேன்.

நீ படிக்க விடுதிக்குப் போன வருஷம் அந்தச் சுவருக்கு வெள்ளை அடிக்கப் பலகையைக் கழற்றினோம். கழற்றும் முன் அப்பா உயரத்தை அளந்து குறித்தார். 160 சென்டிமீட்டர். பக்கத்திலேயே கதவுச் சட்டத்தில் உன் பென்சில் கோடுகள். ஆறு வயதுக் கோடு 112இல் இருந்தது. கையைத் தூக்கினாலும் உனக்கு எட்டியிருக்காது. அன்றைக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்றைக்கும் "எனக்கு வீட்டை வைத்துக்கொள்ள வராதும்மா" என்று நீ சிரித்துக்கொண்டே சொல்லும்போது எனக்கு வலிக்கிறது. அது நான் உனக்குச் சொல்லிச் சொல்லி நீ நம்பிய வார்த்தை. நீ கொக்கிக்கு நேர் கீழே சரியாகத்தான் வைத்தாய், கண்ணு. கொக்கிதான் 60 சென்டிமீட்டர் கீழே இருந்திருக்க வேண்டும்.

ஆகவே சின்னவனுக்கு அவன் தோள் உயரத்தில் கொக்கி அடி. பெரியவளுக்கு அவள் தோள் உயரத்தில். வளர வளர மாற்றிக்கொள்ளலாம், சுவரில் இரண்டு ஓட்டைதானே. விளையாட்டுச் சாமான் கூடைகளுக்கு மூடி வேண்டாம். மூடியைத் திற, போடு, மூடு என்றால் அது மூன்று வேலை. நாலு வயதுக் குழந்தைக்கு ஒரு வேலைதான் சரிவரும்: போடு. ஆழமான பெரிய பெட்டி ஒன்றைவிட ஆழமில்லாத சின்னக் கூடைகள் நாலு நல்லது. பெரிய பெட்டியில் அடியில் இருப்பதை எடுக்க அவன் முழுப் பெட்டியையும் கவிழ்ப்பான். அவன் மேல் குற்றம் இல்லை.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். நீ சுவரைப் பற்றிக் கேட்டாய். என்னைக் கேட்டால், வீட்டில் நிறத்தின் முதல் வேலை சுவரில் இல்லை, இந்தக் கூடைகளில்தான். சின்னவனுக்கு இன்னும் படிக்கத் தெரியாது. பெயர் எழுதி ஒட்டினால் உனக்குத்தான் பயன். ஆளுக்கு ஒரு நிறம் கொடு. அவன் துண்டு, பிரஷ் வைக்கும் கோப்பை, கொக்கி, கூடை எல்லாம் ஒரே நிறம். யாரையும் கேட்காமல் எடுப்பான், வைப்பான். தன் நிறம் என்று வந்துவிட்டால் பிள்ளைகளுக்கு அதன் மேல் ஒரு பாசம் வந்துவிடும்.

ஆனால் அவனுக்கும் அவளுக்கும் சிவப்பு, பச்சை என்று பிரிக்காதே. அப்பாவுக்கு அந்த இரண்டும் பிரித்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அந்தக் குறை தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்குப் போவது. மகளுக்குப் பார்வை நன்றாக இருக்கும், ஆனால் அந்தக் குறை வெளியே தெரியாமல் அவளிடம் இருக்கும். அதனால் சின்னவனுக்கு இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. பயப்பட ஒன்றும் இல்லை, கண் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டினால் தெரிந்துவிடும். அதுவரை நீலமும் மஞ்சளும் வைத்துக்கொள். கூடவே ஒரு படமும் ஒட்டு, கூடையில் கார் படம், அலமாரியில் சட்டைப் படம். நிறம் தெரியாவிட்டாலும் படம் சொல்லும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு செய்தி உண்டு. 1926இல் மார்கரெட்டே ஷூட்டே லிகோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறை வடிவமைத்தார். ஏறக்குறைய 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அவ்வளவுதான். சமைக்கிறவர் எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது என்று கணக்குப் பார்த்தே ஒவ்வொன்றையும் வைத்தார். அரிசி, சர்க்கரை மாதிரி உலர்ந்த சாமான்களுக்கு அலுமினிய இழுப்பறைகள், ஒவ்வொன்றின் மேலும் உள்ளே இருப்பதன் பெயர். அலமாரிகளுக்கு நீலப் பச்சை அடித்தார், அந்த நிறத்தில் ஈ உட்காராது என்று அப்போது நம்பினார்கள். ஈ விஷயம் எப்படியோ, அங்கே நிறத்துக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. உன் சமையலறை அதைவிடப் பெரிது. ஆனாலும் நின்ற இடத்திலிருந்து எட்டுவது எது, குனிய வேண்டியது எது என்று ஒரு நாள் சமைத்துக்கொண்டே பார். தினமும் எடுப்பது இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை எடுப்பது பரணுக்குப் போகட்டும்.

சுவர். கடையில் தருகிற நிற அட்டையை மட்டும் நம்பாதே. உன் அறைக்கு நான் மஞ்சள் அடித்தது அப்படித்தான். அட்டையில் இளம் வெயில் மாதிரி இருந்தது. நாலு சுவரிலும் அடித்ததும் ஒரு சுவரின் மஞ்சள் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி, இரண்டு மடங்கு மஞ்சளாகிவிட்டது. நீ மூன்று வருஷம் அதற்குள் தூங்கினாய். அதனால் அட்டையில் பிடித்ததைவிட ஒரு படி வெளிறியதாக எடு. பெரிய தாள் இரண்டில், இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு கோட் அடித்துக் காயவிடு. அதைச் சுவர் சுவராக மாற்றி ஒட்டி, காலையில், உச்சியில், விளக்குப் போட்ட பிறகு என மூன்று நேரமும் பார். கிழக்கு ஜன்னல் அறையில் காலையில் பொன் மாதிரி இருக்கும் நிறம் சாயங்காலம் சாம்பல் பூத்துப்போகும். மேற்கு அறையில் நேர் எதிர்.

பல்பை முதலில் மாற்று, பிறகு நிறம் தேர்ந்தெடு. பல்ப் பெட்டியில் வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் போட்டிருப்பார்கள். 2700 என்றால் மஞ்சள் கலந்த வெளிச்சம், 4000 நடுத்தரம், 6500 நீலம் கலந்த வெள்ளை. படுக்கை அறைக்கு முதலாவது, படிக்கிற மேசைக்கும் சமையலறைக்கும் இரண்டாவது. எல்லா அறைக்கும் 6500 போட்டுவிட்டு, அடித்த நிறம் சரியில்லை என்று பெயின்டரைக் கோபித்துக்கொள்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

தாளை ஒட்டும்போது தரைக்கும் சோபாவுக்கும் பக்கத்தில் வைத்தும் பார். பாரிஸில் சுவரில் தொங்கவிடும் சித்திரச் சீலை நெய்யும் ஆலை ஒன்றில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஷெவ்ரூல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் சரியாக ஏறவில்லை என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குறை இல்லை, அந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தான் அதை மங்கலாகக் காட்டின. 1839இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். உன் தரை செம்மண் நிறம். அதன் பக்கத்தில் வெறும் சாம்பல் நிறம் கொஞ்சம் பச்சையாகவோ நீலமாகவோ தெரியும். அது பிடித்தால் சரி. பிடிக்காவிட்டால் சாம்பலில் துளி பழுப்புக் கலந்ததைக் கேள்.

வீடு முழுக்க ஒரே அடிப்படை நிறம் போதும், இளம் மணல் மாதிரி எதுவும். அறைக்கு அறை மாற்றினால் வீடு சின்னச் சின்னத் துண்டாகத் தெரியும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் புத்தகமும் பொம்மையும் துணியும் போதுமான நிறத்தைக் கொண்டுவந்துவிடும், சுவர் கொஞ்சம் அமைதியாக இருந்தால்தான் அவை நன்றாக இருக்கும். அதற்காக எல்லாம் வெள்ளை, எல்லாம் மூடிய கதவுக்குள் என்று வைப்பதும் எனக்குப் பிடிக்காது. யாரும் வாழாத வீடு மாதிரி இருக்கும். நடைவழியில் மட்டும், தரையிலிருந்து மூன்றரை அடி வரை கொஞ்சம் அழுத்தமான நிறத்தில், கழுவக்கூடிய பெயின்ட் அடி. பிள்ளைகளின் கை படுகிற உயரம் அது. துடைத்தால் போகும், துடைக்காவிட்டாலும் உடனே தெரியாது. மற்ற இடங்களுக்குப் பளபளப்பு இல்லாத மேட் நல்லது, பழைய சுவரின் மேடுபள்ளத்தை மறைக்கும்.

பழைய வீடு என்பதால் இன்னொன்று. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். பரிசோதித்துப் பார்க்காமல் சுரண்டவோ உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ விடாதே. அந்தத் தூசி சின்னப் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். உயரமான அலமாரி எதுவாக இருந்தாலும் சுவரோடு சேர்த்துத் திருகாணி போடச் சொல், சின்னவனுக்கு ஏறுகிற வயது.

அப்புறம், நாங்கள் வந்து தங்குவதற்காக ஒரு சின்ன வேண்டுகோள். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்துப் போகிறது. நீலம் மங்கிவிடுகிறது, வெளிர் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. நீங்கள் இப்போது இருக்கும் வீட்டின் வெள்ளைக் குளியலறையில் வெள்ளைப் படியை அப்பா போன தடவை கவனிக்காமல் தடுக்கினார், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். அந்த வீட்டிலும் அப்படிப் படி இருந்தால் விளிம்பில் கறுப்புப் பட்டை ஒன்று ஒட்டு. சிவப்பு வேண்டாம், மங்கலான வெளிச்சத்தில் சிவப்புதான் முதலில் இருட்டோடு போய்விடும். கறுப்பு, வெள்ளைப் படியில் எந்நேரமும் தெரியும்.

அந்தப் பித்தளைக் கொக்கிப் பலகையை நான் தூக்கிப் போடவில்லை. பரணில் இருந்தது. போன வாரம் இறக்கி, தேய்த்து, ஒரு கோட் பிரைமர் அடித்து வைத்திருக்கிறேன். கொக்கிகளை அப்பா விளக்கினார், புதுசு மாதிரி இருக்கின்றன. நிறம் அடிக்கவில்லை. சின்னவனிடம் என்ன நிறம் வேண்டும் என்று கேட்டுச் சொல். அவனைச் சுவரோடு நிற்கவைத்துத் தோள் உயரத்தை அளந்து, அதையும் எழுதி அனுப்பு. அடுத்த மாதம் வரும்போது எடுத்து வருகிறோம். நானே அடித்துத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா