கேள்வி ஏழு

காட்பாடி,
ஞாயிறு.

அன்புள்ள கோமதி,

இங்கு அனைவரும் நலம். உன் பொங்கல் கடிதத்துக்கு ஆடி பிறந்தும் பதில் எழுதாதவளை நீ எப்படியெல்லாம் திட்டியிருப்பாய் என்று தெரியும். அத்தனையும் வாங்கிக்கொண்டேன் என்று வைத்துக்கொள். இப்போதும் ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன்.

என்னை மகளிரியல் துறைக்குக் கூடுதல் பொறுப்பு இயக்குநராக நியமித்திருக்கிறார்கள். சிரிக்காதே. பொருளியல் நடத்தியே தலை நரைத்தவளிடம், பெண் என்பதைத் தவிர வேறு தகுதி எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆறு ஆண்டுகளில் நான் ஐந்தாவது ஆள். முன்பிருந்தவர் தாவரவியல், அவருக்கும் முன்பு நம் ‘சுண்ணாம்புக்கட்டி’. மகளிர் தினக் கோலப் போட்டிக்குப் பரிசு கொடுக்க மட்டும் அவர் வருவாராம்.

வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன். பீரோவைத் திறந்தவள் சாந்தி. நீ கைப்பிடித்துப் பழக்கிய அதே சாந்தி, பதினான்கு ஆண்டுகளாக இன்னமும் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறாள். பாடத்திட்டம் வகுப்பது, வகுப்பெடுப்பது, ஆய்வு மாணவிகளின் உதவித்தொகைக்கு அலைவது, வந்த நிதி எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தயாரிப்பது எல்லாம் அவள்தான். புகார்க் குழுவில் அவள் பெயர் இல்லை. ஆனால் விடுதியில் ஏதாவது நடந்துவிட்டால் பிள்ளைகள் முதலில் வந்து அழுவது அவளிடம்தான். துறைக்கு நிதி வந்துகொண்டிருந்த 12-ஆம் ஐந்தாண்டுத் திட்டம் 2017-இல் முடிந்ததிலிருந்து, நீட்டிப்பு உத்தரவு ஏதோ ஒரு மேசையில் தங்கிவிடும்போதெல்லாம் அங்குள்ள மூவருக்கும் சம்பளம் நின்றுபோகிறது. போன முறை நான்கு மாதம்.

பீரோவின் கீழ்த்தட்டில் நம் குடியாத்தம் கள ஆய்வு நோட்டுப் புத்தகங்கள், உன் கோழிக் கிறுக்கலோடு அப்படியே இருக்கின்றன. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் நிமிராமலேயே பதில் சொன்ன அந்த அம்மாவை நினைவிருக்கிறதா? ஆயிரம் பீடி சுற்றுவது அவர். பீடித் தொழிலாளி அட்டையோ, இலையைத் தொட்டே பார்க்காத கணவர் பெயரில். அன்று இரவு லாட்ஜில் உட்கார்ந்து, ‘குடும்பத் தலைவரின் தொழில் என்ன?’ என்றிருந்த ஏழாம் கேள்வியை அடித்துவிட்டு, ‘அட்டை யார் பெயரில், சுற்றுவது யார்?’ என்று நீ மாற்றி எழுதினாய்.

மேல்தட்டில் துறையின் ஆண்டறிக்கைகள். முகப்பில் அந்தந்த ஆண்டின் இயக்குநர் பெயர் பெரிய எழுத்தில். சாந்தியின் பெயரைத் தேடினேன். ஒன்றே ஒன்றில், கடைசிப் பக்கத்தில், ‘தட்டச்சு உதவிக்கு நன்றி’ என்பதன் கீழ் அச்சாகியிருந்தது. முழு அறிக்கையும் அவள் எழுதியது. கேள்வி ஏழு, கோமதி.

இந்தியப் பெண்களின் நிலையை ஆராய்ந்த அரசுக் குழுவிடமிருந்து 1974-இல் வந்த ‘சமத்துவத்தை நோக்கி’ அறிக்கையைப் பற்றித் தூக்கத்திலும் ஒப்பிப்பாயே, அதற்கு மட்டும் எப்படி உறுப்பினர்-செயலர் வீணா மஜும்தார் பெயர் நிலைத்தது? குழுத் தலைவர் பூல்ரேணு குஹா என்று உன்னைத் தவிர யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இங்கு செயலருக்கு அந்த யோகம் இல்லை.

சாந்தியின் பணியிடத்தை நிரந்தரமாக்கினால்தான் பொறுப்பேற்பேன் என்று மேலிடத்தில் வீறாப்பாகச் சொன்னேன். “அது ஆட்சிக்குழு முடிவு, மேடம்” என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வெளியே காத்திருந்த சாந்தியோ, மாதக் கடைசிக்குள் சான்றிதழில் இயக்குநர் கையெழுத்து விழாவிட்டால் மூவருக்கும் மறுபடி சம்பளம் நிற்கும், வீறாப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் மேடம் என்கிறாள். ஆகவே நாளை கையெழுத்திடப் போகிறேன். நீ எதைச் சொல்லித் திட்டினாலும் சரி.

நிரந்தரப் பணியிடம் கேட்டு நீ அந்தக் காலத்தில் ஆட்சிக்குழுவுக்கு எழுதிய குறிப்பின் நகல் உன்னிடம் கட்டாயம் இருக்கும். மின்சார ரசீதைக்கூடக் கிழிக்காதவள் நீ. அதைத் தேடி உடனே அனுப்பு. அடுத்த கூட்டத்துக்குள் நிகழ்ச்சி நிரலில் ஏற்றப் பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை பெயர்ப்பலகை எழுத ஆள் வருகிறார்; இரண்டு பெயருக்கு இடம் விடச் சொல்லியிருக்கிறேன்.

உன்
வசந்தா