நீக்கிய பின்னும் எழும்பி வந்த கெர்னல்: ஒரு நன்றி மடல்

எங்கள் வாசிகசாலையின் எண்ணிமத் தொகுப்பைப் பயன்படுத்தும் அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நேற்று மாலை ஐந்தரை மணி தொடக்கம், தொகுப்பு இருக்கும் கணினியான சேர்வர் வழமைபோல் இயங்குகின்றது. கடந்த நான்கு நாட்களும் பட்ட பாடு உங்களுக்குத் தெரிந்ததே. இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்கிற்கு அச்சிடவிருந்த கல்வெட்டு எனும் நினைவு நூலுக்காகப் பழைய படங்களைத் தேடி வந்து வெறுங்கையுடன் திரும்பிய இரண்டு குடும்பத்தாரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சேர்வரின் இயங்குதளமான டெபியன் 12 இலிருந்து 13 க்கு மாறும்போது, அதன் மைய நிரலான கெர்னலும் 6.1 இலிருந்து 6.12 க்கு உயர வேண்டும். நிறுவல் பிழையின்றி முடிந்தது. கணினி தொடங்கும்போது கெர்னலைத் தேர்ந்து ஏற்றும் கிரப் நிரலின் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளையும் புதிய கெர்னலைக் கண்டுகொண்டதாக ஒவ்வொரு முறையும் சொன்னது. ஆனால் கணினியை மறுபடி தொடக்கினால் 6.1 தான் வந்து நின்றது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையே நீக்கப் பார்க்கிறீர்கள் என்று திரையில் வந்த எச்சரிக்கையையும் மீறி, பழையது இல்லாவிட்டால் புதியதுதானே வர வேண்டும் என்ற கணக்கில், அதை நீக்கினேன். நீக்கியதே மறுபடியும் எழும்பி வந்தது. அதற்குரிய மொட்யூல்களை, அதாவது சாதனங்களை இயக்கும் துணை நிரல்களை, நானே அழித்திருந்தபடியால் வைஃபையும் இல்லாமற் போனது. கல்வெட்டுச் சேர்க்கிற இடத்தில் செத்தது எழும்பி வருவது புதினமில்லை என்று பொருளாளர் பகிடி விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரவிரவாகத் திறப்பைத் தந்து வைத்திருந்த பொருளாளருக்கும், மின்வெட்டு நேரத்தில் தன் கடை யூபிஎஸ்ஸைத் தூக்கி வந்த தம்பிக்கும், ரொறன்ரோவிலிருந்து நேரம் பாராமல் அழைத்து ஆலோசனை சொன்ன பழைய மாணவர்களுக்கும், தேநீர் அனுப்பிய அயல் வீட்டாருக்கும் நிர்வாகத்தின் சார்பில் நன்றி.

ஆனால் இந்த மடலை நான் எழுத உட்கார்ந்தது வேறொருவருக்காக. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்தில் படிக்கும் அந்தப் பிள்ளை, தன் அம்மம்மாவின் கல்வெட்டை ஸ்கான் செய்வதற்காகத் தந்துவிட்டுப் போக வந்தவர். பெயர் போடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டோ என்னவோ, போகாமல் நின்று திரையை எட்டிப் பார்த்தார். பிறகு, "சேர், பூட் எண்டது தனிப் பாட்டிஷனோ? அது இப்ப மவுண்ட் ஆகி இருக்குதோ?" என்று கேட்டார்.

நான்கு நாட்களில் எவரும் கேட்காத கேள்வி அது. கணினியைத் தொடக்கும் கோப்புகள் இருக்கும் பூட் அடைவுக்கு எங்கள் வட்டில் தனிப் பிரிவு (பாட்டிஷன்) உண்டு. அந்தப் பிரிவை அடைவுடன் இணைப்பதுதான் மவுண்ட். பார்த்தால், மவுண்ட் ஆகவில்லை. புதிய கெர்னலும் புதிய கிரப் பட்டியலும் மூல வட்டுப் பிரிவிலுள்ள வெறும் பூட் அடைவுக்குள் போய் விழுந்திருந்தன. கணினி தொடங்கும்போது கிரப் வாசிப்பதோ தனிப் பிரிவிலிருந்த பழைய பட்டியலை. நான் நீக்கிய கெர்னலும் அந்தப் பிரிவில் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. நீக்கும் கட்டளைக்கு அந்த இடம் கண்ணிற் படவேயில்லை.

அந்தப் பிள்ளை விசைப்பலகையைத் தொடவில்லை. இதைத்தான் நான் மறக்க மாட்டேன். முப்பது வருடம் கணிதம் படிப்பித்த எனக்கு, மாணவரின் கையிலிருந்து பென்சிலைப் பறித்துக் கணக்கை முடித்துக் கொடுக்கும் பழக்கம் இருந்தது. அவர் கதிரையை ஒரு முழம் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு என்னையே தட்டச்சிடவிட்டார். இணையம் இல்லாமல் கெர்னலை எப்படி மறுபடி நிறுவுவது என்று நான் திகைத்தபோது, அது ஏற்கெனவே வட்டில்தான் இருக்கிறது என்று நினைவூட்டினார். பிரிவை உடனே பூட்டின்மேல் மவுண்ட் செய்தால், பாய் விரித்த இடத்தில் நிலம் தெரியாததுபோல், கீழே உள்ள கோப்புகள் மறைந்துவிடும். ஆகவே முதலில் அதை வேறோர் இடத்தில் மவுண்ட் செய்து, புதிய கெர்னலையும் அது தொடங்கத் தேவையான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பையும் அங்கே பிரதி செய்து, அதன் பிறகே உரிய இடத்தில் மவுண்ட் செய்து கிரப் பட்டியலைப் புதுப்பித்தோம். மறுபடி தொடக்கியபோது 6.12 வந்தது. இருவரும் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை.

மவுண்ட் ஆகாததன் காரணத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எந்தப் பிரிவை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், பூட்டுக்குரிய வரியின் முன்னால், அந்த வரியைச் செயலிழக்கச் செய்யும் ஒரு ஹாஷ் குறி (#) இருந்தது. சென்ற வருடம் வட்டைச் சோதித்தபோது அதைப் போட்டது நான். எடுக்க மறந்ததும் நான். கண்டதும் அந்தப் பிள்ளை திரையிலிருந்து பார்வையை எடுத்து யன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் அதை அழித்துச் சேமிக்கும்வரை திரும்பவில்லை.

இனிமேல் சேர்வரில் எந்தக் கோப்பில் கை வைத்தாலும் திகதியுடன் சீ.ஆர். கொப்பியில் எழுதி, மேசை இலாச்சிக்குள் வைப்பேன். யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

அம்மம்மாவின் கல்வெட்டு இன்று காலை முதல் வேலையாக ஏற்றப்பட்டுள்ளது. நடுப்பக்கத்திலுள்ள திருமணப் படம் மூலத்திலேயே மங்கலாக இருக்கிறது, பிள்ளை. வீட்டில் நல்ல பிரதி இருந்தால் அடுத்த முறை வரும்போது கொண்டு வரவும்.