மறுபடி இன்ஸ்டால் பண்ணாதே

அன்புள்ள செந்தில்,

உன் மெயில் வந்தது. விண்டோஸ் இருக்கும் லேப்டாப்பில் டெபியன் 12 லினக்ஸ் பிழையே காட்டாமல் ஏறியது, ரீஸ்டார்ட் பண்ணினால் நேரே விண்டோஸுக்குப் போகிறது, ஞாயிற்றுக்கிழமை முதலிலிருந்து போடப்போகிறேன் என்கிறாய். வேண்டாம். நீ போட்ட சிஸ்டம் டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது. அதற்குப் போகிற வழிதான் தவறான இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதே மாதிரி பூட் செய்து எத்தனை தடவை போட்டாலும் இதே கதைதான்.

நீ அனுப்பிய பார்ட்டிஷன் பட்டியலில் 1 எம்பி அளவில் ‘பயாஸ் க்ரப்’ என்று ஒன்று நிற்கிறது பார், விஷயம் அதில்தான். நீ இன்ஸ்டால் செய்த பென்டிரைவ், கம்ப்யூட்டரைத் துவக்கும் பழைய முறையான பயாஸில் பூட் ஆகியிருக்கிறது. அதனால் லினக்ஸைத் துவக்கும் புரோகிராமான க்ரப் டிஸ்கின் முதல் செக்டாரிலும் அந்த 1 எம்பியிலும் போய் உட்கார்ந்துவிட்டது. உன் லேப்டாப்போ பயாஸுக்கு அடுத்து வந்த யூஇஎஃப்ஐ முறை. அது முதல் செக்டாரில் இருக்கும் கோடை ஓட்டாது. ஃபேட்32 வடிவில் இருக்கும், துவக்கும் ஃபைல்களை வைக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனைத்தான் தேடும். அங்கே விண்டோஸின் லோடர் மட்டும்தான் இருக்கிறது.

ஃபர்ம்வேர் (லேப்டாப்பைத் துவக்கும் உள்மென்பொருள்) செட்டிங்கைத் தொடும் முன், விண்டோஸ் டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கரின் 48 இலக்க ரிகவரி கீயை ஒரு தாளில் எழுதி வை. இதை மட்டும் தள்ளிப்போடாதே. பிறகு பயாஸ் முறையில் பூட் ஆக விடும் சிஎஸ்எம்-ஐ அணைத்துவிட்டு, பூட் மெனுவில் யூஇஎஃப்ஐ என்று தொடங்கும் பென்டிரைவ் வரியைத் தேர்ந்தெடு. பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் சிஸ்டம் ஏறியதும் டெர்மினலில் சிஸ், அதற்குள் ஃபர்ம்வேர், அதற்குள் ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் இன்னும் பழைய முறையில்தான் நிற்கிறாய், மேலே போகாதே.

இருந்தால் வேலை பத்து நிமிஷம். நீ போட்ட டெபியனின் ரூட் (முதன்மை) பார்ட்டிஷனை எம்என்டி என்ற ஃபோல்டரில் மவுண்ட் செய், அதாவது இணை. விண்டோஸ் உருவாக்கிய ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை அதற்குள் பூட், ஈஎஃப்ஐ என்ற இடத்தில் மவுண்ட் செய்; தவறிக்கூட ஃபார்மட் பண்ணிவிடாதே, விண்டோஸ் போய்விடும். டெவ், ப்ராக், சிஸ், ரன் என்ற நான்கு சிஸ்டம் ஃபோல்டர்களையும் ஆர்பைண்டாக (அவற்றுக்குள் மவுண்ட் ஆனவற்றோடு சேர்த்து) உள்ளே இணை. சாதா பைண்ட் போட்டால் சிஸ்ஸுக்குள் இருக்கும், பூட் விவரங்களை ஃபர்ம்வேரில் எழுத உதவும் ஈஎஃப்ஐவார்ஸ் கூடவே வராது. ‘ஈஎஃப்ஐ வேரியபிள்கள் இல்லை’ என்று க்ரப் முரண்டு பிடிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

இனி சிஎச்ரூட் கமாண்ட் கொடுத்து அந்த டெபியனுக்குள் நுழை. நெட் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு க்ரப்-ஈஎஃப்ஐ-ஏஎம்டி64, ஷிம்-சைன்ட் என்ற இரண்டு பேக்கேஜ்களையும் ஆப்ட் கமாண்ட் மூலம் போடு. பயாஸுக்கான க்ரப்-பிசி-யை நீக்கவா என்று கேட்கும், சரி என்று சொல். அடுத்து க்ரப்-இன்ஸ்டால், அப்டேட்-க்ரப் என்ற கமாண்டுகளைக் கொடு. ஈஎஃப்ஐ பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யூயூஐடி-யை, பூட் ஆகும்போது எதையெல்லாம் மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் சேர்க்க மறக்காதே. விட்டால் பின்னாளில் க்ரப் அப்டேட் வரும்போது மறுபடி சிக்கல். மெனுவில் விண்டோஸ் தெரியவில்லையென்றால் மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் அணைந்திருக்கும். க்ரப்பின் டிஃபால்ட் ஃபைலில் அதை டிசேபிள் செய்யும் வரியை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு மறுபடி அப்டேட்-க்ரப் கொடு.

எல்லாம் சரியாக இருந்தும் சில லேப்டாப்கள் டெபியன் என்ட்ரியைக் கண்டுகொள்ளாது. அப்போது க்ரப்-இன்ஸ்டாலை ரிமூவபிள் ஆப்ஷனோடு ஓட்டு. எந்த ஃபர்ம்வேரும் கடைசியில் தேடும் பொதுப்பெயரில் லோடரை வைத்துவிடும்.

க்ரப் மெனு வந்து, அதற்குப்பின் திரை கறுத்தால் அது கிராபிக்ஸ் தகராறு. க்ரப் மெனுவில் ஆங்கில ‘ஈ’ கீயை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்து, எஃப்10 அழுத்து.

ரீஸ்டார்ட் பண்ணும் முன் ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கமாண்ட் காட்டுவதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பூட் வரிசையைப் பார்த்துச் சொல்கிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கண்ணன்