அஞ்சலட்டை செய்ததைக் கணினி செய்யட்டும்

ஆசிரியருக்கு,

1980களில் வட ஆற்காட்டில் நோய்க் கணக்கு அஞ்சலட்டையில்தான் வந்தது. மருத்துவர்கள் எழுதிப்போட்டதை வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் குழுவினர் தொகுத்தனர். இன்று எல்லாம் கணினியில்! ஆனால் மாட்டுக் கணக்கு கால்நடைத் துறையிடம், மனிதக் கணக்கு சுகாதாரத் துறையிடம். மாட்டிலிருந்து மனிதருக்கும் தொற்றும் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க்கோ துறை தெரியாது. செத்த மாட்டை உரிப்பவர் கையிலும் கொப்புளமாகக் கிளம்பும்.

இரண்டையும் ஊர்வாரியாக, வாரவாரியாகச் சேர்த்து, முந்தைய ஆண்டுகளின் அதே வாரச் சராசரியோடு ஒப்பிட்டாலே போதும். எண்ணிக்கை எகிறும் ஊர் தெரிந்துவிடும். பெரிய கணிதமில்லை. செவ்வாய்தோறும் பொய்கைச் சந்தையில் விற்கும் மாடுகள் எந்தெந்த ஊருக்குப் போகின்றன என்பதையும் பதிந்தால், தடுப்பூசியை முதலில் எங்கே அனுப்புவது என்று கணக்கிடலாம். ராணிப்பேட்டையிலேயே கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. ஆட்சியர்கள் கவனிப்பார்களா?

– ஒரு வாசகர், காட்பாடி