தம்பி, அந்த கேமரா ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இத படிச்சிரு

தம்பி, கார் கண்ணாடில மாட்டி ரோட்ட ரெக்கார்டு பண்ற அந்த டாஷ்கேம இன்னும் ஆர்டர் போடலன்னா கொஞ்சம் நிறுத்தி வைடா. நேத்து நீ அனுப்புன அந்த கேமரா விவரத்த முழுசா படிச்சேன், 4கே, கிளவுடு, சிங்கப்பூர்ல உக்காந்துகிட்டே வண்டிய லைவா பாக்கலாம்னு எல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கான், ஆனா ரெக்கார்டு ஆன வீடியோவ வீட்டு கம்ப்யூட்டர்ல எப்படி எடுக்கறதுன்னு ஒரு வரி கூட காணோம். எனக்கு அதான் மொத கேள்வி. மெமரி கார்ட கழட்டி நம்ம சிஸ்டத்துல போட்டா சாதா எம்பி4 ஃபைலா தெரியணும், டபுள் கிளிக் பண்ணா ஓடணும், இழுத்து ஒரு ஃபோல்டர்ல போட்டு வச்சுக்கணும். இது நடக்கற கேமராவா இருந்தா மத்ததெல்லாம் கொறச்சலா இருந்தாலும் பரவால்ல.

நம்ம தெருக்கோடி வீட்டு அக்காவுக்கு என்ன ஆச்சுன்னு உனக்கு சொல்லலல்ல. பாண்டிலேர்ந்து வரும்போது முள்ளோடை கிட்ட ஒரு லோடு வேன் பின்னாடி வந்து இடிச்சிட்டு, இவங்கதான் திடீர்னு பிரேக் போட்டாங்கன்னு சண்டை. முன்னயும் பின்னயும் கேமரா இருக்கு, அதனால அக்கா தைரியமாத்தான் இருந்தாங்க. வீடியோ எடுக்கணும்னா அந்த கேமராவோட மொபைல் ஆப்புக்குள்ள போகணும், ஆப்பு அவங்க பையனோட பழைய போன்ல லாகின் பண்ணது, அவன் நம்பரே மாத்திட்டான், ஓடிபி எங்கயோ போகுது. கார்ட கழட்டி நம்ம கடைக்கு எடுத்துட்டு வந்தாங்க, நான் ரீடர்ல போட்டு பாக்கறேன், ஃபோல்டர் இருக்கு, உள்ள ஃபைலும் இருக்கு, பேருக்கு பின்னாடி நான் பாக்காத ஒரு எக்ஸ்டென்ஷன், விஎல்சி வீடியோ பிளேயர்ல போட்டா சும்மா கருப்பா நிக்குது. அக்கா என் மூஞ்சியவே பாத்துகிட்டு நிக்கறாங்க. அவங்க வண்டிலதான் படம் எடுத்திருக்கு, அவங்க கைலதான் கார்டு இருக்கு, பாக்கத்தான் முடியல. சரி கம்பெனிக்கு மெயில் போடலாம்னு கார்ட திரும்ப கேமராவுலயே மாட்டிட்டாங்க, பதில் வர்றதுக்குள்ள வண்டி ஓடி ஓடி பழசு மேலயே புதுசு ரெக்கார்டு ஆயிடுச்சு. லூப் ரெக்கார்டிங்னா அப்படித்தான், கார்டு நெறஞ்சா மொத ஃபைல அழிச்சிட்டு எழுதும், ஜி சென்சார் அதிர்ச்சிய உணர்ந்து லாக் பண்ணத மட்டும்தான் விட்டுவைக்கும், மெதுவா இடிச்சா அதுவும் லாக் ஆகாது.

அதுலேர்ந்துதான் எனக்கு இந்த பிடிவாதம். அப்பா செக்கப்புக்கு ஜிப்மர் போகும்போதெல்லாம் அவரேதான் ஓட்டிகிட்டு போறாரு, யார் சொன்னாலும் கேக்கறதில்ல. அரியாங்குப்பம், தவளக்குப்பம் பக்கம் எதிர்ல ராங் சைடுல வர்ற பைக்க பாத்தா எனக்கு வயித்த கலக்கும். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவர் மேல தப்பில்லன்னு காட்ட அந்த படம் உடனே என் கைக்கு வரணும், நீ ட்யூட்டி முடிஞ்சு வந்து பாஸ்வேர்டு சொல்ற வரைக்கும் காத்துகிட்டிருக்க முடியாது.

இன்னொண்ணு, மஞ்சக்குப்பம் கடைக்கு வக்கீலுங்க டைப்பிங்குக்கு வர்றதால இது எனக்கு நல்லா தெரியும். வீடியோவ சாட்சியா குடுக்கணும்னா கூட ஒரு சர்டிபிகேட் வேணும், முன்ன அத சட்டப்பிரிவு நம்பர வச்சு 65பி-ன்னு சொல்லுவாங்க, 2024 ஜூலை 1லேர்ந்து புது சாட்சிய சட்டம் வந்ததும் அது 63(4) ஆயிடுச்சு. அதுல எந்த மெஷின்ல ரெக்கார்டு ஆச்சுன்னு எழுதணும், ஃபைலோட ஹாஷ் வேல்யூவும் போடணும். ஹாஷ்னா ஃபைலோட கைரேகை மாதிரி, ஒரு இடத்துல எடிட் பண்ணாக்கூட நம்பர் மாறிடும். நம்ம லினக்ஸ்ல டெர்மினல்ல ஒரு வரி அடிச்சா எஸ்ஹெச்ஏ256-ங்கற வகை ஹாஷ் நம்பர் வந்துரும், விண்டோஸ்லயும் அதுக்கு கமாண்டு இருக்கு. ஒரிஜினல் ஃபைலே கைக்கு வராம ஆப்புல ஓடறத ஸ்கிரீன் ரெக்கார்டு எடுத்து வச்சுகிட்டு அங்க என்னத்த எழுதறது சொல்லு. வாட்ஸ்அப்ல அனுப்பறதும் அப்படித்தான், வீடியோவா அனுப்பினா அமுக்கி சின்னதாக்கிடும், நம்பர் பிளேட்டெல்லாம் கொழகொழன்னு ஆயிடும். அனுப்பித்தான் ஆகணும்னா டாக்குமெண்டா அனுப்பணும், 2 ஜிபி வரைக்கும் அப்படியே போகும்.

சரி, இப்ப நம்ம வீட்டு சிஸ்டத்துக்கு வர்றேன். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோட அப்டேட் நிறுத்தறாங்கன்னு நீ போன லீவுல வந்தப்ப அதுக்கு பதிலா லினக்ஸ் மின்ட் போட்டு குடுத்தல்ல, அது நல்லாவே ஓடுது. ஆனா உள்ள இருக்கறது அதே பழைய நாலாவது ஜென் இன்டெல் ஐ3 ப்ராசஸர் தானே. நீ பாத்த கேமரா 4கே வீடியோவ எச்.265-ங்கற முறைல அமுக்கி எழுதுது. அத பிரிச்சு காட்டற வசதி இன்டெல் சிப்புக்குள்ள ஒழுங்கா வந்ததே 2015ல வந்த ஆறாவது ஜென்லதான், நம்மளுதுல பாரமெல்லாம் ப்ராசஸர் மேலயே விழும், படம் திக்கி திக்கித்தான் வரும். வண்டி இடிக்கற அந்த ஒரு செகண்டு திக்கினா பாத்து என்ன பிரயோஜனம். அதனால 1080பியே போதும், இல்லன்னா 2கே, ஆனா அதுக்கு முந்தின முறையான எச்.264ல எழுதணும், இல்ல மெனுல அதுக்கு மாத்திக்கற மாதிரியாவது இருக்கணும். சில கம்பெனி ஜிபிஎஸ் மேப்போட பாக்க தனி பிளேயர் குடுக்கறான், அது பெரும்பாலும் விண்டோஸுக்குத்தான் வரும், நமக்கு அது வேணாம். வேகமும் டைமும் படத்து மேலயே ஓரத்துல பதியற மாதிரி இருந்தா எந்த பிளேயர்லயும் தெரியும், அப்பா ஓட்டற வேகத்துக்கு அது பதியறதுல நமக்கு ஒரு பயமும் இல்ல.

டைம்னு சொன்னதும் ஞாபகம் வருது, நீ அங்க ஆன் பண்ணி டெஸ்ட் பண்ணா சிங்கப்பூர் டைம்ல நிக்கும், நம்மள விட ரெண்டரை மணி நேரம் கூட. டைம் சோன்ல +5:30 வைக்க முடியுதான்னு மெனுல பாரு, சிலதுல அரை மணி கணக்கே இருக்காது. தேதியும் டைமும் தப்பா இருக்கற வீடியோவ எதிர் பார்ட்டி வக்கீல் சும்மா விடமாட்டாரு.

ஆப்பு, வைஃபை இருந்தா இருந்துட்டு போகட்டும், கூடுதலா இருக்கறதுல தப்பில்ல. அது இல்லாமயும் வேலை நடக்கணும், அவ்ளோதான். யூஎஸ்பி கேபிள்ல கம்ப்யூட்டரோட சேத்தா மாஸ் ஸ்டோரேஜ்னு ஒரு ஆப்ஷன் வந்து பென்டிரைவ் மாதிரி தெறக்கறதா இருந்தா ரொம்ப நல்லது, ஏன்னா அந்த கார்டு நகம் சைஸுக்கு இருக்கு, அழுத்துனா துள்ளி வந்து சீட்டுக்கு அடியில போயிடுது, அப்பாவுக்கு குனிஞ்சு தேட முடியாது. கிளவுட நம்பறதுல எனக்கு இன்னொரு தயக்கமும் இருக்கு. தானே புயல் அடிச்சப்ப நீ சின்ன பையன், கரண்ட் இல்லாம நாம கெடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் பாண்டி கிட்ட கரைய கடந்தப்பவும் கரண்டும் போச்சு, டவரும் போச்சு. அந்த மாதிரி நேரத்துலதான் ரோட்டுல மரமும் தண்ணியுமா வண்டிக்கு ஏதாவது ஆகும்.

பேட்டரி விஷயத்த கண்டிப்பா கேளு. உள்ள லித்தியம் பேட்டரி இல்லாம சூப்பர் கெபாசிட்டர் இருக்கறதா பாத்து எடு. கடை வாசல்ல நெழலே கெடையாது, அக்னி நட்சத்திரத்துல கதவ தெறந்தா அனல் மூஞ்சில அடிக்குது, அந்த சூட்டுல கண்ணாடி ஓரமாவே இருந்தா லித்தியம் உப்பிக்கும். கேமராவ கண்ணாடில நிறுத்த வாக்யூம் கப்பும் வேணாம், வெயில்ல கழண்டு விழுந்துரும், ஒட்டற டேப்தான் நிக்கும்.

கார்டு நீ வாங்காத, நான் இங்க வாங்கிக்கறேன், 64 ஜிபி, ஹை எண்டூரன்ஸ்னு போட்டிருக்கறது. சாதா கார்டுல நாள் பூரா எழுதி அழிச்சிகிட்டே இருந்தா சீக்கிரம் போயிடும். 1080பில செகண்டுக்கு 15 மெகாபிட்னு வச்சா மணிக்கு 7 ஜிபி கிட்ட வரும், ஒரு கேமராவுக்கு ஒம்பது மணி நேரம் நிக்கும், நமக்கு தாராளம். 32 ஜிபிக்கு மேல கார்டு எக்ஸ்ஃபேட்னு ஒரு ஃபார்மேட்லதான் வரும், லினக்ஸ்ல 2019லேர்ந்து கெர்னல்லயே அதுக்கு சப்போர்ட் இருக்கு, அதனால படிக்கறதுல பிரச்சன இல்ல. ஃபார்மேட் மட்டும் கேமராவுக்குள்ளயே பண்ணிக்கறேன். டூப்ளிகேட் கார்டு நெறய சுத்துது, எஃப்3னு ஒரு ப்ரோகிராம் மின்ட்லயே கெடைக்குது, அது கார்டு முழுக்க எழுதி திரும்ப படிச்சு பாத்து சொல்லிடும், அத ஓட்டிட்டுத்தான் மாட்டுவேன்.

நீ செய்ய வேண்டியது இதுதான், கடைக்கு நேரா போ, டெமோ பீஸ்ல ஒரு நிமிஷம் ரெக்கார்டு பண்ண சொல்லு, அந்த ஃபைல உன் லேப்டாப்புக்கு காப்பி பண்ணிகிட்டு அப்படியே எனக்கு மெயில்ல இல்லன்னா டிரைவ்ல அனுப்பு. நான் இங்க நம்ம சிஸ்டத்துல ஓட்டி பாத்துட்டு சொல்றேன், அப்புறம் காசு குடு. மெனுல வீடியோ செட்டிங் பக்கத்தையும் டைம் சோன் பக்கத்தையும் ரெண்டு போட்டோ எடுத்துரு. நேரத்துக்கு சாப்புடு.

அம்மா